இரண்டாவது ஆள்

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. போன மாதம் விசாரித்துப் பார்த்தேன். எங்களோடு வேலை பார்த்த ஒருவர், கோவளம் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். இன்னொருவர், வந்தவாசி பஸ் நிலையத்தில் பார்த்ததாகச் சொன்னார். இரண்டு பேர் இரண்டு ஊர் சொன்னால் அவனைப் பொறுத்தவரை அது செய்தியே அல்ல. எனவே தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயரையும் எழுதப்போவதில்லை. எங்களுக்கு ஒரே வயது, வா போ என்றுதான் பேச்சு. மரியாதை கருதி இங்கே 'அவர்' என்று எழுதினால், நடக்காததை எழுதியதாக அவனே சண்டைக்கு வருவான்.

செங்கல்பட்டில் ராட்டிணங்கிணறு பக்கம், ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் எங்கள் செய்தித் தளம் நடந்துகொண்டிருந்தது. ஏரி உடைப்பு, ரேஷன் கடை, ஜி.எஸ்.டி. சாலை விபத்து என்று மாவட்டச் செய்திகள்தான் பிழைப்பு. கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த சிறுசேரியும் எங்கள் மாவட்டம் என்பதால் கம்ப்யூட்டர்க்காரர்கள் சங்கதியும் எங்கள் தலையில் விழுந்தது. முகம் தெரியாமல் இணையத்தில் கூடிப் பேசுகிற குழுக்கள் அப்போது ஏராளம். புரோகிராம் எழுதுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள், ஒருவர் செய்ததை இன்னொருவர் பிரித்துப் பார்க்கிறவர்கள். அவர்களைப் பற்றி எழுதுவது என் வேலை. நான் எழுதியது உண்மையா என்று பார்ப்பது அவன் வேலை. ஐந்து வருடத்தில் நான் அவனைத் திட்டாத வாரம் ஒன்றுகூட இருக்காது.

ஒருமுறை மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் அப்படிப்பட்ட குழு ஒன்று மாநாடு நடத்தியது. ஆயிரம் பேர் திரண்டார்கள் என்று குழுவே படத்தோடு அறிவித்தது. படம் முழுக்கத் தலைகள். நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவன் படித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். விடுதி மேலாளரையோ குழுத் தலைவரையோ அவன் பார்க்கவில்லை. விடுதிக்கு நாற்காலி வாடகைக்கு விட்ட ஆளைத் தேடிப் பிடித்தான். இருநூறு நாற்காலி போனது, அதிலும் பாதி அடுக்கியபடியே திரும்பி வந்தது என்றார் அவர். சாப்பாடு போட்டவரும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையைச் சொன்னார். படம் வேறு ஊரில் எடுத்தது. நூறு பேர் என்றே செய்தி போனது. மறுநாள் குழுத் தலைவர் போனில் என்னைத்தான் வாங்கு வாங்கு என்று வாங்கினார். பக்கத்து மேஜையில் அவன் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

"கூட்டம் போட்டவன் கூட்டித்தான் சொல்லுவான். நாற்காலிக்காரனுக்கு இன்னா வந்துது?" என்றான். அவன் தொழில் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். சொல்வதால் லாபம் இல்லாத ஆள் யார், அவருக்கு அடுத்து இரண்டாவது ஆள் யார். இரண்டாவது ஆள் கிடைக்காத எதையும் அவன் வெளியே விடமாட்டான். ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் படத்தைப் பார்க்கவே மாட்டான், எடுத்தவனைக் கூப்பிடு என்பான்.

ஒரு குழுவைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் முதல் காரியமாக அதில் போய்ச் சேர்வான். ஒரு மாதம் வாய் திறக்காமல் படிப்பான். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்பான். அது தனக்கு நிஜமாகவே தெரியாத விஷயமாக இருக்க வேண்டும். ஆழம் பார்ப்பதற்காகப் பொய்க் கேள்வி போடுவது மகா பாவம் என்பது அவன் கட்சி. கேட்பதற்கு ஒரு கேள்வி வேண்டும் என்பதற்காகவே ஒரு பழைய மோட்டார் ஸ்டார்ட்டரை வாங்கிவந்து, பிரித்துப் போட்டு, திருப்பிச் சேர்க்கத் தெரியாமல் இரண்டு நாள் விழித்துவிட்டுப் போய்க் கேட்டிருக்கிறான். கடைசியாக, வேலை முடிந்ததும், அதே குழுவில் தன் நிஜப் பெயரைப் போட்டு, நான் பத்திரிகைக்காரன், இன்ன தேதியிலிருந்து இங்கே இருக்கிறேன், இன்ன செய்திக்காக வந்தேன் என்று எழுதுவான். அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் மரியாதை என்பான். அவர்கள் மரியாதையாகத் திட்டமாட்டார்கள். வேவு பார்க்க வந்தாயா என்று ஆரம்பித்து அப்பன் ஆத்தாள் வரைக்கும் போவார்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து படிப்பான். சாயங்காலத்துக்குள் அவனை நீக்கிவிடுவார்கள். ஒரு மாதம் முழுக்கக் கேட்டும் சொல்லியும் பழகிய மனிதர்கள் ஒரே நாளில் இல்லாமல் போவார்கள். வருடத்துக்கு ஏழெட்டு முறை அவனுக்கு இது நடந்தது. அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எனக்கும் அவனுக்கும் பெரிய சண்டை வந்தது படாளம் என்கிற கரும்பு ஊர் விஷயத்தில். கரும்பு விவசாயிகள் போனில் கூப்பிட்டே வயல் மோட்டாரை ஓடவிடுகிற மொபைல் ஸ்டார்ட்டர் அப்போது வந்த புதுசு. பழுது பார்க்கிறவர்களின் குழு ஒன்றில் இருக்கும் உள்ளூர் மெக்கானிக் ஒருவர், விவசாயிகளின் ஸ்டார்ட்டரை வெளியிலிருந்தே பூட்டிவைத்து மிரட்டுகிறார் என்று ஒரு தகவல் பரவியது. அதே குழுவின் இரண்டு உறுப்பினர்கள் என்னிடம் உறுதிசெய்தார்கள். அவன் கேட்கிற இரண்டாவது ஆளும் கிடைத்துவிட்டது, இனி என்ன சொல்வாய் என்று மிதப்பாக எழுதிக் கொடுத்தேன். அந்த இருவரும் குழுவில் பழைய நாட்களில் போட்ட படங்களையெல்லாம் அவன் நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தான். அதற்குள் மற்றவர்கள் வெளியிட்டுவிட்டார்கள். நான் கத்தினேன். அவன் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இரண்டு பேரும் எடுத்த படத்தில் மேஜை ஓரத்தில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தீய்ந்த தடம் இருந்தது.

"ரெண்டு பேரு இல்லப்பா இது. ஒரே ஆளு சட்டைய மாத்திகினு வந்துகீறான்."

அந்த ஒரே ஆள், அதே தொழில் செய்கிற, மெக்கானிக்கின் எதிர்க்கடைக்காரன். நாங்கள் மட்டும் அந்தச் செய்தியைப் போடவில்லை. அதற்குள் படாளத்தில் அந்த மெக்கானிக்கின் கடை ஷட்டரை உடைத்திருந்தார்கள். அன்றைக்குப் பிறகும் அவனைத் திட்டினேன், ஆனால் அவன் நீட்டுகிற திருத்தங்களைப் படித்துவிட்டுத் திட்டினேன்.

இந்தக் குணம் ஆபீசோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மனைவிக்கு வந்தவாசி. அவள் தாய்வீட்டுக்குக் கிளம்பினால் போய்ச் சேர்ந்தாயா என்று அவளிடம் கேட்பான், பிறகு மாமனாரிடம் கேட்பான், பிறகு எதிர்வீட்டுக்காரரிடமும் கேட்பான். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளா என்கிற கவலையில் கேட்டதாகச் சொல்வான். அவளுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஒரு தடவை போனவள் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் அவன்தான் ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான். முடித்துவிட்டு, "இது என் பக்கம் மட்டும்தான். அவகிட்டயும் கேட்டாத்தான் முழுசா தெரியும்," என்றான். தன் குடித்தனம் கெட்ட கதைக்கும் இரண்டாவது ஆள் கேட்ட மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் போய் அவளிடம் கேட்கவில்லை. யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவனை நீக்காத மன்றம் ஒன்றே ஒன்றுதான். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஒருவர் தொடங்கிய கேள்வி பதில் மன்றம் அது. இன்வெர்ட்டர், ஸ்டார்ட்டர், ரேடியோ என்று பழுது பார்க்கிற எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். அங்கேயும் வேலை முடிந்ததும் நான் பத்திரிகைக்காரன் என்று எழுதினான். அதற்கு அந்த எலெக்ட்ரீஷியன், பரவாயில்லை, இருங்கள், உங்கள் ஸ்டார்ட்டர் இன்னும் சரியாகவில்லையே என்று பதில் போட்டிருந்தார். அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். அன்று முழுவதும் அவன் முகத்தில் ஒரு களை இருந்தது.

பிறகு எங்கள் தளம் படுத்துவிட்டது. நான் வேறு தளத்தில் சேர்ந்தேன். அவனைத் திரும்ப யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு செய்திக்கு நான்கு நாள் எடுத்துக்கொள்கிற ஆளுக்கு இப்போது எங்கே இடம்? போன் பேச்சு மாதத்துக்கு ஒன்றாகி, தீபாவளிக்கு ஒன்றாகி, அதுவும் நின்றது. நான்தான் நிறுத்தினேன். அவனாக வந்து யாரையும் தொந்தரவு செய்யமாட்டான்.

இரண்டு வருடம் முன்பு சிறுசேரியிலிருந்து ஒரு கம்பெனியின் பத்திரிகைக் குறிப்பு வந்தது. விவசாயக் கருவிகளில் வரும் கோளாறுகளுக்குத் தமிழில் பதில் சொல்லும் ஒரு செயலியைச் செய்திருந்தார்கள். அதற்குப் பின்னால், எந்தக் கேள்விக்கும் உடனே பதில் தரும் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழில்நுட்பர்களின் உயிர்ப்பான சமூகம் இருக்கிறது என்று எழுதியிருந்தது. கீழே மன்றத்தின் பெயர். மறைமலைநகர் மன்றமேதான். அவன் அதிலிருந்து எப்போதோ விலகியிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

அவன் வழியிலேயே போய்ப் பார்ப்போம் என்று நானும் வேறொரு பெயரில் சேர்ந்தேன். ஒரு மாதம் படிக்கப் பொறுமை இல்லை. அன்றே கேள்வி போட்டேன். படாளத்தில் கரும்பு வைத்திருக்கிறேன், மழைக்குப் பிறகு ஸ்டார்ட்டர் போனை எடுக்கிறது, மோட்டார் ஓடுகிறது என்றும் சொல்கிறது, ஆனால் ஓடவில்லை என்று. கரும்பும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. கால் மணி நேரத்தில் ஒருவர் பதில் சொன்னார். இன்னொருவர் வந்து, எனக்கும் இது தெரியாது, தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன் என்றார். முதலாமவர் எட்டு நாள் என்னை விடவில்லை. ரிலே சத்தம் கேட்கிறதா, ஈரம் எங்கே இருக்கிறது, எந்த ஒயர் சூடாகிறது என்று கேட்டுக் கேட்டு, கையால் படம் போட்டு அனுப்பினார். இல்லாத சத்தத்தையும் சூட்டையும் நான் இங்கே உட்கார்ந்து இட்டுக்கட்டினேன். ஒன்பதாம் நாள் பேச்சை முடித்துக்கொள்வதற்காக, மோட்டார் ஓடிவிட்டது, நன்றி என்று எழுதினேன். மிகவும் சந்தோஷம் என்று இரண்டு பேரும் எழுதினார்கள்.

மன்றம் உயிர்ப்பாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருப்பேன். படாளம் ஷட்டர் கண்ணில் நின்றது. பழைய உறுப்பினர்கள் சிலரின் எண்களைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "அதுவா? இன்னுமா கீது?" என்றுதான் ஒவ்வொருவரும் கேட்டார்கள். எல்லோரும் வாட்ஸ்அப்புக்கும் வீடியோவுக்கும் போய் வருடங்கள் ஆகியிருந்தன. கடைசி இரண்டு வருடத்துப் பதிவுகளைப் பார்த்தேன். என் கேள்வியைத் தவிர்த்தால், கேட்பவர் ஒருவர், பதில் சொல்பவர் ஒருவர். இருவரும் ஒரே அரைமணியில் ஒருபோதும் எழுதியதில்லை. ஒருவர் மௌனமான வாரங்களில் மற்றவரும் மௌனம். மறைமலைநகர் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். கண் சரியில்லை, மன்றத்தை உங்கள் நண்பரிடம்தான் ஒப்படைத்திருக்கிறேன் என்றார்.

அவனைத் தேடிப் போனேன். செங்கல்பட்டில், கொளவாய் ஏரி தெரிகிற ஒரு மாடி அறையில் அவன் இருந்தான். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மேஜை நிறையப் பிரித்த கருவிகள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டீ போட்டான். தலை நன்றாக நரைத்திருந்தது. பதில் சொல்கிறவர் யார் என்று கேட்டேன். நான்தான் என்றான். கேள்வி கேட்கிறவர் யார் என்று கேட்டேன். டீயை ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அதுவும் நான்தான் என்றான்.

மூன்று மாதம் புதுக் கேள்வி வராவிட்டால், இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம் மன்றத்தை மூடிவிடுமாம். அதனால் இரண்டாவதாக ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான். கேள்விகள் பொய்யில்லை, தெரியாமல்தான் கேட்டேன், நோண்டிப் பார்த்துத் தெரிந்த பிறகு இன்னொரு பெயரில் பதில் போட்டேன் என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிறுசேரி கம்பெனிக்காரர்கள் அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இதை எழுதினால் மன்றம் போய்விடுமே என்றேன்.

"நீ எழுதறதால மூடாது. ஆளு இல்லாததால மூடும். எழுது. ஒருத்தருன்னு எழுது. சிலருன்னு போட்டு மெழுவாத."

படாளத்துக் கேள்வி என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். செய்தி முடிந்தால் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அவன் வைத்த வழக்கம், எனக்கு அது மறக்கவில்லை. ஆளே இல்லாத மன்றத்தில் யாரிடம் போய்ச் சொல்வது என்று இருந்துவிட்டேன். வெட்கமும் ஒரு காரணம். கடந்த இரண்டு ஆண்டுகளாக இந்த மன்றத்துக்கு ஒரே ஒருவரைத் தவிர வேறு யாரும் வந்ததில்லை என்று எழுதினேன். அவன் பெயரைப் போடவில்லை. கம்பெனி, உயிர்ப்பான சமூகம் என்ற வரியைத் தன் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டது. தனக்குத்தானே பேசிக்கொள்ளும் மனிதர் என்று இணையத்தில் நாலு பேர் கேலிப்படம் போட்டுச் சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்து ஆசிரியருக்கும் எனக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. திருத்தக் கோரிக்கை. அவன் எழுதுகிற பழைய முறையிலேயே இருந்தது. வேறு யாரும் வந்ததில்லை என்ற வரி தவறு. படாளத்திலிருந்து கரும்பு விவசாயி ஒருவர் வந்தார். எட்டு நாட்கள் உரையாடினார். அவருடைய மோட்டார் ஓடியது. அவர் நான் அல்ல என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியர், ஒரு வரிதானே, போட்டுவிடலாம் என்றார். போட்டிருந்தால் அது பொய் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் அந்த மின்னஞ்சலையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் செங்கல்பட்டுக்குப் போனேன்.

அவன் நன்றாகச் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தான். மேஜையில் ஒரு ஸ்டார்ட்டர் திறந்து கிடந்தது. நான் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டான். அந்த விவசாயி சொன்ன அதே மாடலைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறான், அடுத்த மழைக்குத் திரும்பவும் ஈரம் இறங்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். அதைச் சொல்வதற்காக இரண்டு முறை மன்றத்தில் எழுதினானாம், பதில் வரவில்லையாம். அதனால் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று முந்தின நாள் படாளத்துக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறான்.

"மோட்டார் வைண்டிங் கடைல கேட்டேன், கரும்பு ஆபீஸ்ல கேட்டேன். அப்படி ஒருத்தரும் இல்லன்றாங்க," என்றான். பிறகு, "அதுக்காவ இல்லன்னு ஆயிடுமா? உள்ள எங்கனா தள்ளி இருப்பாரு," என்றான்.

நாற்காலிக்காரன் வரைக்கும் போய் விசாரித்தவன். அவன் கேட்ட இரண்டாவது ஆளும் இல்லை என்று சொல்லிவிட்டார், ஆனாலும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை இப்படி நான் பார்த்ததே இல்லை. வந்த வழியே எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. இவனிடம் போய்ப் பொய் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. படாளத்து ஆள் நான்தான் என்று சொன்னேன். மோட்டார் இல்லை, கரும்பு இல்லை, செய்திக்காகச் சேர்ந்தேன், சொல்லாமல் கிளம்பிவிட்டேன், தப்புதான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்தான். ஏரிக்கரை ஓரமாக ஒரு மின்சார ரயில் நீளமாகப் போய் முடிகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்து, மெதுவாக எதையோ தட்டினான். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எனக்கும் ஆசிரியருக்கும் அவன் அனுப்பிய மின்னஞ்சல். என் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், திருத்தம் தேவையில்லை, வெளியான செய்தி சரியானது என்று இருந்தது.